பேரரசரின் வலது கட்டைவிரல்

பேரரசர் ஆகூர் கர்ஜிக்கத் தொடங்கிச் சரியாக முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. யோருன் காதில் கம்பளிப் பஞ்சை அடைத்திருந்தாள். பயனில்லை. சத்தம் காலடியில் புகுந்து, எலும்பு வழியாக ஏறி, பல்லில் வந்து நின்றது.

அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து விழித்திருந்ததாக எவருக்கும் நினைவில்லை. ஒன்பது உலகங்களும் அஞ்சும் கொடுங்கோலர்தான். ஆனால் நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிப்பவர். விழிப்பார், கைக்கு எட்டியதை நொறுக்குவார், மறுபடி உறங்கிவிடுவார். அந்த இடைவெளிகளில்தான் பள்ளத்தாக்கு மக்கள் நானூறு ஆண்டுகளாகச் சமைத்து, துவைத்து, கல்யாணம் செய்துகொண்டு வந்தார்கள்.

"யோருன்! உடனே கீழ இறங்கு!"

வலது கை மேலாளர் ஸ்டைனார் கீழே நின்று கத்தினார். யோருன் அப்போது பேரரசரின் வலது கட்டைவிரல் நகத்தின் மேல் மண்டியிட்டிருந்தாள். அந்த நகத்தில் தாராளமாக ஒரு கல்யாணப் பந்தி போடலாம். அவள்தான் அதன் தலைமை நகவெட்டி. இருவர் இழுக்கும் ரம்பத்தால் அறுத்தெடுக்கும் துண்டுகளில் படகு கட்டுவார்கள். மரம் முளைக்காத நாடு அது.

கயிற்றேணியில் இறங்கி வந்தாள்.

"முப்பத்தொரு மணி நேரத்துக்கு முன்னாடி நீ என்ன பண்ணிட்டு இருந்த?" என்றார் ஸ்டைனார்.

"நகம் வெட்டிட்டு இருந்தேன் ஐயா."

"யாரோட நகம்?"

"என்னோடதை வெட்ட ரம்பம் எதுக்கு ஐயா?"

ஸ்டைனார் அதை ரசிக்கவில்லை. அவர் கண்களைச் சுற்றிக் கருவளையம். "எல்லாப் பிரிவையும் விசாரிச்சாச்சு. ரெண்டு முழங்காலும் சுத்தம். இடது பாதம் சுத்தம். காது மடல் ஆளுங்க நேத்தே வந்து, எங்க பக்கம் ஒண்ணுமில்லன்னு சத்தியம் பண்ணிட்டுப் போயிட்டாங்க. கர்ஜனை ஆரம்பிச்ச நேரத்துல அவரைத் தொட்டுக்கிட்டு இருந்தது நீ ஒருத்திதான்."

"நகத்துல உயிர் இல்லையே ஐயா. வெட்டினா வலிக்காதே."

"அதை அவர்கிட்ட சொல்லு."

மேலே மூடுபனி அதிர்ந்தது. பேரரசரின் இடுப்புக்கு மேல் எப்போதும் மூடுபனிதான். அதை ஊடுருவிப் பார்க்கவும் கூடாது. அவரவர் அவரவர் பகுதியை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது அந்நாட்டின் முதல் சட்டம். அதற்காகவே ஊழியர்கள் எல்லோரும் வண்டிக் குதிரைபோல் கண்ணின் இருபுறமும் தோல் பட்டை கட்டியிருப்பார்கள். முதல் தலைமுறையில் ஒருவன் பட்டையைக் கழற்றி முழு முகத்தையும் பார்த்துவிட்டானாம். அதன் பிறகு சாகும்வரை அவன் பேசவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தானாம். அந்தப் பேரச்சம் அவன் மூளையைக் கலக்கிவிட்டது என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள்.

"இங்க பாரும்மா. காலைக் கொம்பு ஊதறப்ப அவர் அமைதியா இருந்தாகணும். இல்லேன்னா உன்னை வெளிப்பனிக்கு அனுப்பறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல" என்றார் ஸ்டைனார். குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

பள்ளத்தாக்கின் தரை சாம்பல் நிறக் கம்பளிநிலம். எங்கு தோண்டினாலும் கயிறு பருமனுள்ள இழைகள், இரண்டு குறுக்கே, இரண்டு நெடுக்கே. கோடையிலும் குளிரிலும் அது ஒரே சூடாக இருக்கும். அந்த இழைகளைப் பிரித்துத்தான் உடை பின்னுவார்கள். கம்பளிநிலம் முடியும் இடத்தில் வெளிப்பனி தொடங்கியது. அங்கே போனவர்கள் அனுப்பிய செய்தி ஒன்றுகூடக் கிடையாது.

அவள் கணவன் உல்வர் இலையுதிர்காலத்தில் கட்டிய கல்வீட்டுக்கு இன்னும் கதவுகூட மாட்டவில்லை. அதை நினைத்துக்கொண்டாள்.

உல்வர் உலர்மீனும் வெண்ணெயும் எடுத்துக்கொண்டு வந்தான். அவன் இடது குதிகால் பிரிவு. குதிகால்காரர்களுக்கு எப்போதும் கொஞ்சம் மிடுக்கு உண்டு.

"உங்க பக்கம்தான் ஏதோ கோளாறுன்னு ஊரே பேசுது" என்றான், மீனை உடைத்துக்கொண்டே.

"உங்க பக்கம் மட்டும் ஒழுங்கா?"

"எங்க குதிகாலை வந்து தொட்டுப் பாரு. இந்த வெண்ணெய் தோத்துடும். நானூறு வருஷம், ஒரு வெடிப்பு கிடையாது. பேரரசர்னா பேரரசர்தான்."

"உல்வர், என்னை வெளிப்பனிக்கு அனுப்பப் போறாங்க."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "சரி. நானும் வர்றேன்."

"வந்து? அங்க யாரோட குதிகாலுக்கு எண்ணெய் தடவப் போற?"

"உனக்கு ரெண்டு இருக்குல்ல. அதை வெச்சு ஓட்டிக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மீனைத் தின்றுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

முதலில் நகத்தின் விளிம்பை அரத்தால் தேய்த்தாள். எங்கேனும் ஒரு பிசிறு அவரை உறுத்துகிறதோ என்னவோ. கன்னத்தை வைத்துப் பார்த்தாள், கண்ணாடிபோல் இருந்தது. கர்ஜனை குறையவில்லை.

பிறகு, நகக்கண்ணில் கண்ணுக்குத் தெரியாத காயம் இருக்கலாம் என்று தோன்றியது. அவர்கள் ஊரில் எந்தக் காயத்துக்கும் ஒரே மருந்துதான்: கசப்புவேரை அரைத்துக் கடல்நாய்க் கொழுப்பில் குழைப்பது. ஒரு துளி நாக்கில் பட்டால் மூன்று நாளைக்கு எதுவும் ருசிக்காது. எட்டு மிடா குழைத்து, கட்டைவிரல் முழுவதும் துடைப்பத்தால் பூசினார்கள்.

பூசி முடித்த கணம் கை அசைந்தது.

"கயித்தை விடுங்க! விலகுங்க!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் விலகி ஓடினார்கள். அந்தக் கை எழும் காட்சி யோருனுக்குப் பழகியதே இல்லை. பதினோரு வருட வேலையில் ஒருமுறையும் பழகவில்லை. ஒரு குன்று தன் வேரை விட்டுக் கிளம்புவதுபோல் அது கிளம்பும். அதன் கீழே காற்று உறிஞ்சப்பட்டு, துணிகள் எல்லாம் மேல்நோக்கி இழுபடும். மடிப்புகளில் தேங்கிய பனிநீர் அருவியாகக் கொட்டும். ஐந்து விரல்களும் ஒவ்வொன்றாக மூடுபனிக்குள் மறையும். கீழே நிற்பவர்களுக்கு மூச்சு விடத் தோன்றாது.

கர்ஜனை நின்றது.

"சிந்திக்கிறார்" என்று ஸ்டைனார் கிசுகிசுத்தார்.

ஆழ்ந்த சிந்தனையின்போது பேரரசர் கட்டைவிரலை உதட்டில் வைத்துக்கொள்வார் என்பதைக் காது மடல்காரர்கள் ஓரக்கண்ணால் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது உலகங்களின் ஓவியர்களும் அவரை அந்தக் கோலத்தில்தான் வரைவார்கள். அடுத்த அழிவைத் திட்டமிடும் கோலம். நானூறு ஆண்டுகளில் அவர் திருவாய் மலர்ந்த சொல் ஒன்றே ஒன்று: "ஆகூ." அதுவே அவர் பெயரானது. அதன் பொருளைத் தேடியே மூன்று தலைமுறை அறிஞர்களுக்குத் தாடி நரைத்தது. ஒரு சாரார் அது 'அழி' என்றார்கள். மறு சாரார், 'எல்லாவற்றையும் அழி' என்றார்கள்.

மூன்று மூச்சு நேரம் அமைதி.

நான்காவது மூச்சில் எழுந்த கர்ஜனைக்கு முன்னால், முந்தைய முப்பத்தொரு மணி நேரமும் தாலாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வீட்டுக் கூரைகள் சரிந்தன. மூடுபனியிலிருந்து வெதுவெதுப்பான வெள்ளம் ஒன்று கொட்டி, சந்தைத் தெருவில் முழங்கால் அளவு ஓடியது. பேரரசரோடு போரிட வரும் தெற்கத்தி வீரர் மன்றத்தின் கதைகளில் இதற்கு 'நஞ்சாறு' என்று பெயர். உள்ளூர்ப் பெண்கள் இதில்தான் துணி அலசுவார்கள். இந்த மாதம் அது வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னத்தைப் பூசின?" என்றார் ஸ்டைனார், தாடியைப் பிழிந்துகொண்டே.

"மருந்துதான் ஐயா."

"மருந்தா அது? சிந்தனையையே கெடுத்திருச்சே!"

கை மறுபடி இறங்கி வந்து தரையை ஓங்கி ஓங்கி அறைந்தது. இனி கசப்புவேரைக் கழுவி எடுக்க நேரமில்லை. "கழுவ முடியலைன்னா மூடிடலாம்" என்றான் உல்வர். "மேல துணி இருந்தா கசப்பு படாதுல்ல?"

"அவ்வளவு பெரிய துணி எங்க இருக்கு?"

"திருவிழாக் கூடாரம்."

ஊரே உள்ளே உட்கார்ந்து விருந்துண்ணும் கம்பளிக் கூடாரம் அது. சிவப்பில் வெள்ளைக் கோடு. கட்டைவிரலுக்கு மட்டும் மாட்டினால் வழுகி விழும் என்பதால், கையை முழுவதுமாக அதற்குள் நுழைத்து, மணிக்கட்டில் கப்பல் வடத்தால் கட்டினார்கள். அறுபது பேர் சேர்ந்து முடிச்சை இறுக்கினார்கள். அது நிற்குமா என்று இரண்டு முழம் கம்பளி பந்தயம் வேறு.

பேரரசரின் கை உயர்ந்தது. கர்ஜனை தயங்கியது. அவர் அந்தச் சிவப்பைப் பார்க்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. வலப்பக்கம் திருப்பினார். இடப்பக்கம் திருப்பினார்.

"பிடிச்சிருக்கு" என்றாள் யோருன் மூச்சைப் பிடித்தபடி. "உல்வர், அவருக்குப் பிடிச்சிருக்கு!"

அப்போது அவர் கையை உதறினார்.

முடிச்சு பிய்ந்தது. திருவிழாக் கூடாரம் ஒரு சிவப்பு மேகமாக மலைகளைத் தாண்டிப் பறந்து மறைந்தது. பந்தயத்தில் தோற்றவர்கள் முனகினார்கள்.

"எந்தப் பக்கம் போச்சு?" என்றார் ஸ்டைனார்.

"தெற்கால ஐயா."

"தெற்கால என்ன இருக்கு?"

தெற்கே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். வீரர் மன்றம் இருக்கிறது. ஒன்பது உலகங்களிலும், ஒருவன் வாசலில் கையுறையை வீசினால் அது போருக்கு அழைப்பு.

"அது கையுறை இல்ல, கூடாரம்னு ஆள் அனுப்பிச் சொல்லிடலாமா?" என்றான் உல்வர்.

"அஞ்சு விரல் போய் வந்த தடம், மணிக்கட்டுல கட்டின வடம். நாம சொன்னா யார்டா நம்புவா?" ஸ்டைனார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா யோருன், ஒரு நகம் வெட்டினதுக்குப் போரே வந்துருச்சேம்மா."

போர், காலைக் கொம்புக்குச் சற்று முன்பாக வந்தது.

வால்பிராண்ட் வந்தான். வீரர் மன்றத்தின் முதல் வீரன். மின்னலை வாளாக உறையிலிட்டவன். வானில் மிதக்கும் அவனுடைய தங்கக் கப்பலைப் பார்த்ததும் ஊர் மக்கள் தங்களையறியாமல் தொப்பியைக் கழற்றினார்கள். அதன் விளிம்பெல்லாம் வெற்றி மணிகள் தொங்கின. ஒவ்வொரு மணியும் ஒரு மாட்டுத் தொழுவம் அளவு.

அவன் கப்பலின் முனையில் நின்று முழங்கினான்: "ஆகூரே! விண்மீன் பாலத்தை ஒடித்தவனே! வெள்ளிமலையைத் தட்டையாக்கியவனே! போர்த்தேவன் குனிந்து உற்றுப்பார்த்தபோது அவன் தாடியைப் பற்றியிழுத்து, பாதியைக் கையிலேயே வைத்துக்கொண்டவனே! உன் அழைப்பை ஏற்று வந்தேன்!"

பேரரசர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கர்ஜித்துக்கொண்டிருந்தார்.

வால்பிராண்ட் கப்பலைச் சற்றுத் தாழ்த்தி, கீழே நின்ற யோருனைப் பார்த்தான். அருகில் பார்த்தால் அவன் முகத்தில் வியர்வை. குரலைத் தணித்துக் கேட்டான்: "அம்மா, நான் இதோட மூணாவது தடவை வர்றேன். ரெண்டு தடவையும் உசுரு தப்பினது பெரும்பாடு. அவருக்கு என்னதான் வேணுமாம்?"

"அதைத்தான் நாங்களும் தேடிட்டு இருக்கோம் ஐயா."

அவன் வேறெதுவும் கேட்பதற்குள் ஒரு நிழல் கப்பலை மூடியது. பேரரசரின் கை வந்து, கப்பலை நடுவில் பற்றியது. எடுத்தது. ஒருமுறை ஆட்டியது.

மணிகள் எல்லாம் ஒன்றாக ஒலித்தன.

கர்ஜனை நின்றது.

மறுபடி ஆட்டினார். மறுபடி ஒலித்தன. மூடுபனிக்குள் இருந்து தாழ்ந்த, கனத்த ஓர் ஓசை வந்தது; பனிக்கட்டி உருகும் காலத்தில் ஏரி தனக்குள் முனகிக்கொள்வதுபோல. மேலே, ஒன்பது உலகங்களின் முதல் வீரன் கொடிமரத்தைக் கட்டிப்பிடித்து அலறிக்கொண்டிருந்தான்.

"வீரரே!" ஸ்டைனார் கைகுவித்துக் கத்தினார். "கும்பிட்டுக் கேட்டுக்கறேன், இறங்கிடாதீங்க! கொம்பு ஊதற வரைக்கும் அப்படியே இருங்க!"

வால்பிராண்ட் குதித்துவிட்டான். கம்பளிநிலத்தில் விழுந்ததால் பிழைத்தான்.

கப்பல் மூடுபனிக்குள் இன்னும் மேலே போனது. கறக் என்று ஒரு சத்தம். தொடர்ந்து, அதுவரை கேட்டதிலேயே மிகக் கொடிய கர்ஜனை. கப்பல் இரண்டு துண்டாக வந்து விழுந்தது.

எல்லோரும் பதுங்கினார்கள். யோருன் மட்டும் உடைந்த துண்டுக்கு அருகே போனாள். விளிம்பைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு இதற்கு முன் மூடுபனிக்குள் போய்த் திரும்பி வந்த கேடயங்களும் கோபுரங்களும் நினைவுக்கு வந்தன. அவை நசுங்கியிருக்கும், நனைந்திருக்கும். ஒன்றுகூட வெட்டுப்பட்டதில்லை. இதில் ரம்பம் போட்டதுபோல் ஒரு நேர்கோடு இருந்தது.

"ஐயா, மேல ஏதோ ஒண்ணு புதுசா இருக்கு" என்றாள். "அதுதான் அவரைக் குத்துது. நகம் இல்ல."

"மேல எங்க?"

"வாயில."

"வாய் எந்தப் பிரிவு?"

நானூறு ஆண்டுகளில் வாய்க்கு மட்டும் பிரிவு அமைக்கவில்லை. அந்த வேலை கேட்டு எவரும் வந்ததுமில்லை.

யோருன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, தரையில் துடித்துக்கொண்டிருந்த கையை நோக்கி நடந்தாள். ஏணியைப் பிடித்து நகத்தின் மேல் ஏறினாள். கண்ணருகே இருந்த தோல் பட்டைகளைக் கழற்றி எறிந்தாள்.

"பட்டையைக் கழட்டாதே! ராஜத்துரோகம்!" என்றார் ஸ்டைனார்.

"எப்படியும் வெளிப்பனிதானே ஐயா. ரெண்டு தடவை அனுப்ப முடியாதுல்ல."

உல்வர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி கேட்டான்: "யோருன், பைத்தியம் பிடிச்சு சிரிச்சுக்கிட்டே வந்தேன்னா நான் என்ன பண்றது?"

"கூடச் சிரி."

கை எழுந்தது. மூடுபனி அவளை விழுங்கியது. வெண்மை, ஈரம், காதில் காற்று. பிறகு திடீரென்று மூடுபனி கீழே போய்விட்டது.

முதலில் அதை ஏரி என்று நினைத்தாள். வட்டமான, அசையாத, ஆழமான நீலம். அதன் நடுவே ஒரு சிறிய புள்ளி, இடுப்பில் கயிற்றோடு. அது தான்தான் என்று தெரிந்தபோது, தான் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு கண் என்றும் தெரிந்தது. அதுவும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இமை மயிர்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தன. ஒரு துளி திரண்டு, தயங்கி, உருண்டு போனது. அதில் ஒரு தெரு மூழ்கும்.

அவளுக்குப் பயம் வர வேண்டும். வரவில்லை. இத்தனை பெரிய ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது தன்னைப் பார்க்கிறது என்ற நினைப்பே நெஞ்சை நிறைத்து வேறெதற்கும் இடமில்லாமல் செய்தது. உதடுகள் தாமாக விரிந்தன. நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மனிதனின் நினைவு வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

இன்னொன்றும் தெரிந்தது. அவர் கோபத்தில் இல்லை. வலியில் இருந்தார்.

வாய் திறந்தது. உள்ளே ஒரு செந்நிற மலைத்தொடர், மழுங்கலாக, வழவழப்பாக. அதன் முன்பக்கத்தில், ஓரம் வீங்கிச் சிவந்த இடத்தில், வெள்ளையாக ஒரு முனை துருத்திக்கொண்டிருந்தது.

"பனிப்பாறை!" என்று கீழ்நோக்கிக் கத்தினாள். "வாயில பனிப்பாறை குத்தியிருக்கு!"

கீழிருந்து ஸ்டைனாரின் குரல் மெல்லியதாக வந்தது. "எந்தப் பிரிவோட பொறுப்பு?"

"யாரோடதும் இல்ல ஐயா!"

"அப்பாடா! அப்ப யார் மேலயும் குத்தமில்ல! பிடுங்கி எறிஞ்சிடு!"

கப்பல் வடத்தின் நுனியில் கொக்கியைக் கட்டச் சொல்லி, உல்வர் பிடித்திருந்த கயிற்றில் அதை மேலே இழுத்தாள். கட்டைவிரல் உதட்டருகே வந்த கணத்தில் கொக்கியை வெள்ளை முனையில் மாட்டிவிட்டு நகத்தோடு ஒட்டிப் படுத்தாள். கீழே குதிகால் பிரிவு முழுவதும் வடத்தைப் பிடித்தது. இரண்டு முழங்கால் பிரிவுகளும் வந்து சேர்ந்தன. கடைசியில் வால்பிராண்டும் வந்து, உடைந்த கப்பலை ஒருமுறை பார்த்துவிட்டு, பெருமூச்சோடு வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஏலோ!" என்றான் உல்வர்.

இழுத்தார்கள். முனை அசையவில்லை. அது அந்தச் செந்நிற மலையில் குத்தி மாட்டியிருந்ததாகத் தெரியவில்லை. மலைக்குள்ளிருந்தே வருவதுபோல் இருந்தது.

"இன்னொரு தடவை! ஏலோ!"

கொக்கி வழுகித் தெறித்தது.

பேரரசர் மூச்சை உள்ளே இழுத்தார். பள்ளத்தாக்கின் காற்று முழுவதும் அவருக்குள் போனது. யோருன் விரல் மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு எழுந்தது கர்ஜனை அல்ல. அதற்குச் சொல் இல்லை. நானூறு ஆண்டுகளாகக் கலையாத மூடுபனி அதில் நார்நாராகக் கிழிந்தது. நாலாபுறமும் விலகிப் போனது. அந்நாட்டு மக்கள் முதல்முறையாகச் சூரியனைப் பார்த்தார்கள்.

முதல்முறையாகப் பேரரசரையும் முழுமையாகப் பார்த்தார்கள். வடம் கைகளிலிருந்து நழுவியது. ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, ஏனென்று தெரியாமலே, சிரிக்கத் தொடங்கினார்கள். ஸ்டைனார்கூட.

தரை அதிர்ந்தது. பேரரசர் கையை அசைக்கவில்லை. ஆனாலும் அதிர்ந்தது. மறுபடியும். வடக்கே, வெளிப்பனிக்கும் அப்பால், அடிவானத்தில் இரண்டு தூண்கள் எழுந்து, மாறி மாறி முன்னே வந்தன. சூரியன் மறைந்தது. மேகம் என்று நினைத்து அண்ணாந்தவர்கள், அதற்கு ஒரு முந்தானையும், அதில் அவர்கள் ஊர்த் தரையிலுள்ள அதே நெசவும் இருப்பதைக் கண்டார்கள். இரண்டு இழை குறுக்கே, இரண்டு இழை நெடுக்கே.

பேரரசர் ஆகூர் கர்ஜிப்பதை நிறுத்தினார். இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"சரணடைகிறார்!" என்றான் வால்பிராண்ட், நம்ப முடியாமல்.

அந்த நேரத்தில் காலைக் கொம்பு ஊதியது. ஊதியவன் கண்ணை மூடிக்கொண்டுதான் ஊதினான். பள்ளத்தாக்கு முழுவதும் அந்த ஒரே ஓசைதான் கேட்டது; பேரரசர் அமைதியாக இருந்தார். யோருன், உயரத்தில், கட்டைவிரல் நகத்தைக் கட்டிக்கொண்டு, கதவு மாட்டாத தன் வீட்டைக் கீழே பார்த்தாள்.

மேலேயிருந்து இன்னொரு முகம் குனிந்தது. அதற்கு முன்னால் பேரரசர் ஒரு சிட்டுக்குருவி.

ஸ்டைனார் கேட்டார்: "இது... எந்தப் பிரிவு?"

அந்த முகம் கையிலிருந்த குடத்தை இறக்கி வைத்தது. ஒரு கடல் இடம் மாறிய சத்தம் கேட்டது.

"அம்மா ஒரு குடம் தண்ணி மொண்டுட்டு வர்றதுக்குள்ள இப்படியா அழுவாங்க, எங்க வாயைக் காட்டு... அடடா, என் கண்ணுக்கு முதல் பல்லு முளைச்சிருச்சு!"